இடது சீட்டும் சிவப்பு ஸ்பிரிங்கும்

வெரோனிகாவுக்குக் கார் என்றால் இடது பக்கம்தான். புதுச்சேரியில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம். முத்தியால்பேட்டையிலிருந்து குருசுக்குப்பம் வரைக்கும் வீட்டுக்கு ஒருத்தர் என்றால் சரியாக இருக்கும். இருபது வருஷமாக டிரைவிங் ஸ்கூல். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேர்த்து வழிய, இவள் இடது சீட்டில் சாய்ந்து, தன் பக்கத்தில் தனியாக வைத்த பிரேக்கின் மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டு, "கிளட்ச்ச மெதுவா விடு கண்ணு" என்பாள். கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். எந்த டயரில் காற்று குறைவு, எந்தப் பக்கம் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது, எல்லாம் அந்தச் சீட்டில் உட்கார்ந்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். அக்காவுக்கு முதுகில் காது இருக்கிறது என்று தம்பி டோனி கேலி செய்வான்.

இப்படிப்பட்டவளுக்கு நாற்பதை நெருங்கும் வயதில் ஓர் ஆசை வந்தது. வலது சீட்டு ஆசை. பிறர் ஓட்ட, பிறர் தப்புக்குப் பிரேக் மிதித்து மிதித்து அலுத்துப்போய், ஒரு நாளாவது நான் ஓட்ட வேண்டும், அதுவும் வேகமாக ஓட்ட வேண்டும் என்ற ஆசை. ஆட்டோகிராஸ் என்று ஒரு பந்தயம் இருக்கிறதே, மண் தரையில் கூம்புகளை நட்டு, ஒவ்வொரு காராகத் தனியே விட்டு நேரம் பார்ப்பார்களே, அதில் போய்ச் சேர்ந்தாள். முதல் வருஷம் கடைசி. இரண்டாம் வருஷம் கடைசிக்கு முந்தி. மூன்றாம் வருஷம் ஜனங்கள் பெயரைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்த வருஷம்தான் சென்னையிலிருந்து மேனகா பேசினார். சொந்தமாக ரேஸ் டீம் நடத்துகிறவர். சுற்றி வளைக்காத பேச்சு. "திண்டிவனம் பக்கத்துல வர்ற பந்தயத்துக்கு நான் வர்றேன். பெண்கள்ல யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு எங்க டீம்ல ஒரு சீட். ஒண்ணே ஒண்ணு." அவர் பேச்சை முடித்த பிறகும் வெரோனிகா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்தச் சீட் வேண்டும். அவ்வளவு வேண்டும் என்று அந்த நிமிஷம் வரைக்கும் அவளுக்கே தெரியாது.

கார் ஒரு பழைய எஸ்டீம். அதை வெட்டி ஒட்டி, எஞ்சினைப் பிரித்துக் கோத்து, பந்தய வண்டியாக்கியவன் டோனி. அரியாங்குப்பத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். தொண்ணூற்றாறு கிலோ ஆள், மனசும் அதே அளவு. எல்லாம் முடிந்து பாக்கி நின்றது, சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங்.

முன்பக்கத்துக்கு மூன்று ஜோடி வைத்திருந்தான் டோனி. நீலம் மெத்து, மஞ்சள் நடுத்தரம், சிவப்பு கடினம். சிவப்பு என்றால் கொஞ்சநஞ்சக் கடினமில்லை. ஆள் ஏறி நின்று குதித்தாலும் அசையாது. டோனிக்கு அதன் மேல் ஒரே மோகம். "ரேஸ் வண்டின்னா கல்லு மாதிரி நிக்கணும்க்கா. திருப்பத்துல சாயவே கூடாது. சாஞ்சா போச்சு" என்பான். கோயம்புத்தூரில் ஒரு சிநேகிதனை நச்சரித்து வாங்கி வந்த ஜோடி அது.

ஆனால் எது சரி என்பதை அவன் முடிவு செய்யவில்லை. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேரும் சேர்ந்து எந்த வண்டியைப் பார்த்தாலும் டோனி ஓட்டுவான், வெரோனிகா இடது பக்கம் உட்கார்ந்து சொல்வாள். முதுகில் காது இருப்பது அவளுக்குத்தானே! அரியாங்குப்பத்தைத் தாண்டி வீடு எழும்பாத மனைப்பிரிவு ஒன்று கிடந்தது. செம்மண் ரோடு, எல்லைக் கல், குண்டும் குழியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே அங்கே போய், ஒவ்வொரு ஜோடியாக மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். நீலத்தில் வண்டி கப்பல் மாதிரி ஆடியது. மஞ்சள் பரவாயில்லை. சிவப்பு மாட்டியதும் வண்டி தரையைக் கவ்விக்கொண்டது. வெரோனிகா கண்ணைத் திறந்து, "இதான்டா" என்றாள். டோனி ஹாரனை அடித்துக் கொண்டாடினான்.

மறுநாள் அவள் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். முதல் திருப்பத்திலேயே முன்சக்கரம் தடதடவென்று துள்ளியது. ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி கேட்கவில்லை, நேரே எல்லைக் கல்லைப் பார்த்துப் போனது. மாதாவே என்று பிரேக்கை மிதித்தாள்.

"நீ பயப்படற, அதான். கால எடுத்துர்ற" என்றான் டோனி.

"நான் எடுக்கலடா."

"எனக்கு நேத்து எப்டி ஓடிச்சி? நீயும்தான இருந்த?"

மறுபடி டோனியை ஓட்டச் சொல்லி இடது பக்கம் உட்கார்ந்து பார்த்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி திரும்பியது சனியன்! அவனை இறக்கிவிட்டுத் தான் ஓட்டினாள், துள்ளியது. அதே வண்டி, அதே ஸ்பிரிங், அதே ரோடு. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி என்பார்களே, அந்தப் பழமொழி தனக்கென்றே எழுதியது என்று நினைத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளுக்கு ஓட்ட வரவில்லை போலிருக்கிறது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் வருத்தத்தைவிட அரிப்புதான் அதிகமாக இருந்தது. ஏன் துள்ளுகிறது? பயந்தால் வேகம் குறையும், சரி. பயந்தால் சக்கரம் துள்ளுமா? பயம் எப்படி டயருக்குத் தெரியும்? பால் வாங்கப் போகும்போதும் இதே யோசனை, கோவிலில் முட்டி போட்டிருக்கும்போதும் இதே யோசனை. மெதுவாக ஓட்டியும் பார்த்தாள். மெதுவாகப் போனாலும் சின்னதாகத் துள்ளத்தான் செய்தது. அப்படியானால் பயம் இல்லை, வேறு என்னவோ இருக்கிறது என்பது மட்டும் உறுதியானது.

அந்த வாரம் செல்வாம்பாளுக்கு லைசன்ஸ் டெஸ்ட். ஐம்பது வயதில் வைராக்கியமாகக் கற்றுக்கொள்ள வந்த அம்மாள். டெஸ்டில் 'எட்டு' போடும்போது கற்றுக்கொடுத்தவர் வண்டியில் இருக்கக் கூடாது, இறங்கிவிட வேண்டும். இறங்கினால் வெரோனிகா பார்க்கமாட்டாள். அது அவள் வழக்கம். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து நிற்பாள். தன் காலுக்கடியில் பிரேக் இல்லாமல் தன் வண்டி ஓடுவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு கிடையாது. டெஸ்ட் எடுக்கிற அதிகாரிகள்கூட இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அன்றைக்கும் சுவரைப் பார்த்துத்தான் நின்றாள். மண்டைக்குள் மட்டும் எஸ்டீம் துள்ளிக்கொண்டிருந்தது. பின்னால் செல்வாம்பாள் வளைவு எடுக்கும் சத்தம். டயர் சின்னக் கல்லில் ஏறி இறங்கியது. அந்தச் சத்தம் புதிதாக இருந்தது. தன் சொந்த வண்டி, நாள் முழுக்கக் கேட்கிற வண்டி, இப்படி ஒரு சத்தம் போட்டு அவள் கவனித்ததில்லை. என்னவென்று பார்த்தே ஆகவேண்டும் என்று திரும்பினாள்.

இடது சீட்டு காலியாக இருந்தது. வண்டி அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கி நின்றது. கல் வந்த இடத்தில் இடது முன்சக்கரம் லேசாகக் குதித்தது. வெரோனிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் ஏறாமல் அந்த வண்டி ஓடி அவள் பார்த்ததே இல்லை. பக்கத்தில் ஆள் இல்லாத கார் எப்படி நடந்துகொள்ளும் என்று யோசித்ததும் இல்லை!

"மேடம், பாஸ் பண்ணிட்டேன் மேடம்!" என்று செல்வாம்பாள் கத்திக்கொண்டு இறங்கி வந்தாள்.

"பண்ணிட்டீங்கம்மா, பண்ணிட்டீங்க" என்று கட்டிப்பிடித்தாள் வெரோனிகா. யார் பாஸ் செய்தது என்று பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

நேரே அரியாங்குப்பம். போகிற வழியில் கடையில் நிறுத்தி, குடிக்கிற தண்ணீர்க் கேன் நாலு வாங்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றும் இருபது லிட்டர்.

"ஒர்க்‌ஷாப்புல தண்ணி கீதுக்கா. இன்னாத்துக்கு இது?" என்றான் டோனி.

"குடிக்கறதுக்கு இல்ல. எஸ்டீம எடு."

மனைப்பிரிவில் முதலில் தனியாக ஓட்டினாள், துள்ளியது. பிறகு இடது சீட்டில் இரண்டு கேன்களை வைத்து பெல்ட் போட்டு, மற்ற இரண்டைக் காலடியில் நெருக்கி வைத்தாள். தலையில் தொப்பி ஒன்றுதான் பாக்கி. இரண்டாவது சுற்று. அதே திருப்பம், அதே குழி. சக்கரம் பதிந்தது, வண்டி திரும்பியது! வெரோனிகா கார் நிற்பதற்கு முன்பே கத்தத் தொடங்கிவிட்டாள்.

"வெயிட்டுடா! எல்லாம் வெயிட்டு! ஸ்பிரிங்கு டயர தரையில அழுத்தணும். அமுங்கினாத்தான அழுத்தும்? நீ ஒரு மூட்ட, பக்கத்துல நான் ஒரு மூட்ட, ரெண்டும் மேல உக்காந்தா சிவப்பே அமுங்குது. நான் மட்டும் உக்காந்தா அமுங்கல. குழி வந்தா டயரு அப்டியே எம்புது. நாம இன்னா பண்ணியிருக்கோம் தெரியுமா? ரெண்டு பேரு போறதுக்கு ஸ்பிரிங்கு எடுத்து வச்சிருக்கோம். பந்தயத்துல ஒருத்திதான் போவணும்!"

டோனி கேன்களைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். "அப்ப எந்த ஸ்பிரிங்கு நல்லாருக்குன்னு நாம பாக்கவே இல்ல. எந்த ஸ்பிரிங்கு எனக்கு நல்லாருக்குன்னு பாத்திருக்கோம்" என்றான். நொந்துபோன குரலில் சொன்னான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சிவப்பைக் கழற்றத் தொடங்கினான். அவளுக்குப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தாள்.

மாட்டியது மஞ்சள். நீலத்தை டோனி தொடவிடவில்லை. "அது குடும்பத்தோட வேளாங்கண்ணிக்குப் போற வண்டிக்குக்கா. திருப்பத்துல சாஞ்சா உருண்டுருவ" என்றான். மஞ்சளில் அவள் தனியாக ஓட்டிப் பார்ப்பதற்குள் வானம் பொத்துக்கொண்டது. விடாத மழை. மனைப்பிரிவு குளமாகி, எல்லைக் கல்லெல்லாம் மூழ்கிப்போனது. பந்தயம் வரைக்கும் வண்டி ஷெட்டைவிட்டு நகரவில்லை. மஞ்சளா நீலமா என்ற கேள்வியோடுதான் இருவரும் திண்டிவனம் போனார்கள்.

ஆளுக்கு இரண்டு ஓட்டம், இரண்டில் நல்லது கணக்கு. மேனகா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். மழை விட்டு வெயிலில் காய்ந்த தரை கட்டிதட்டிப் போயிருந்தது. போகப் போக மேடு பள்ளம், கடைசித் திருப்பத்தில் உழுது போட்ட மாதிரி.

முதல் ஓட்டம், மஞ்சள். ஆரம்பமெல்லாம் அருமை. கடைசித் திருப்பத்தில் முன்சக்கரம் துள்ள, வண்டி அகன்று, கூம்பு ஒன்று பறந்தது. கூம்பைத் தட்டினால் நேரம் கூட்டுவார்கள். பெண்களில் மூன்றாம் இடம். மேனகா வேறு யாருடனோ பேசப் போய்விட்டார்.

வெரோனிகா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். டோனி ஜன்னலில் குனிந்தான்.

"இன்னா பண்ணலாம்க்கா?"

"நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து பாத்துச் சொல்றேன்" என்று வாய்வரை வந்துவிட்டது. இருபது வருஷப் பழக்கம் அப்படி. அதற்கு இங்கே இடமில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் வண்டியே வேறு வண்டியாகிவிடும். தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இந்தச் சீட்டிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் ஏற்கெனவே ஓட்டிய ஓட்டத்திலிருந்து. கண்ணை மூடினாள். கடைசித் திருப்பத்தை மறுபடி மனசுக்குள் ஓட்டினாள். துள்ளும்போது கையில் என்ன தெரிந்தது? ஸ்டியரிங் கனம் குறைந்தது. ஒரு நொடி ஒன்றுமே பிடிக்காத மாதிரி லேசாகி, பிறகு கனம் வந்தது. லேசான நேரமெல்லாம் டயர் காற்றில். இடது சீட்டில் இத்தனை வருஷம் உட்கார்ந்தும் இதை அவள் அறிந்ததில்லை. அங்கே ஸ்டியரிங் கிடையாதே!

"நீலம் போடு" என்றாள்.

"அக்கா, சாயும்."

"சாயட்டும். சாஞ்சாலும் டயரு தரையில இருக்கும். போடுடா."

"உருண்டா அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"உருளமாட்டேன்."

"உனக்கு எப்டித் தெரியும்? நீலத்துல நீ ஒரு தடவகூட தனியா ஓட்டல."

"தெரியாது. ஆனா மஞ்சள்ல என் கை இன்னா சொல்லிச்சின்னு தெரியும்" என்றாள். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

டோனி ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கொதிக்கிற வெயிலில், சுடுகிற இரும்பில், வாய்க்குள் அவளைத் திட்டிக்கொண்டே இரண்டு பக்கமும் மாற்றினான். அவனுக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நட்டையும் இரண்டு தரம் இறுக்கினான். கடைசியில் அவள் பெல்ட்டையும் இறுக்கிவிட்டு, நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டான். அவன் கை கிரீஸ், ஹெல்மெட் போடுவதற்குள் கறுப்புச் சிலுவை அப்படியே பதிந்துவிட்டது.

கொடி இறங்கியது. முதல் திருப்பத்தில் வண்டி சாய்ந்த சாய்வில் கயிற்றோரம் நின்றவர்கள் "ஐயோ" என்றார்கள். ஆனால் கையில் கனம் இருந்தது. சாய்கிறது, கனம் இருக்கிறது, திரும்புகிறது. இரண்டாம் திருப்பத்தில் சாய்வதற்கு நேரம் கொடுத்து, கொஞ்சம் முன்னாலேயே ஒடித்தாள். அட, இதற்குத்தான் காத்திருந்தாயா நீ என்று காரிடம் வாய்விட்டே கேட்டாள். பக்கத்தில் கேட்க யாருமில்லை. அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். கடைசித் திருப்பம், உழுத நிலம். கை லேசாகவில்லை. ஒரு தடவைகூட லேசாகவில்லை. கூம்புகளெல்லாம் நட்டபடியே நின்றன.

நேரம் அறிவித்தபோது அவளுக்குக் காது அடைத்திருந்தது. டோனி தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்துத்தான் தெரிந்தது. பெண்களில் முதல். ஆண்களில் பாதிப் பேருக்கு மேலே. வெரோனிகா ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஓவென்று அழுதாள்.

மேனகா கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்து கை கொடுத்தார். "சொன்ன சொல் மாறமாட்டேன். சீட் உங்களோடது. அடுத்த மாசம் முதல் பந்தயம். கார் எங்களுது, எல்லாம் செட் பண்ணி ரெடியா இருக்கு. எங்க டெஸ்ட் டிரைவர் மாசக்கணக்கா ஓட்டி ஸ்பிரிங் எல்லாம் பார்த்து வச்சிருக்காரு. நீங்க வந்து உக்காந்து ஓட்டினா போதும்."

டோனி பல்லெல்லாம் தெரிய நின்றான். வெரோனிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சரி மேடம், ரொம்ப நன்றி மேடம் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த இடத்தோடு எல்லாம் சுபம். கேட்டால் கைக்கு வந்தது போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. ஆனால் அரிப்பு விடுமா?

"மேடம், அந்த டெஸ்ட் டிரைவரு எத்தன கிலோ இருப்பாரு?"

"என்னது?"

"அவரு வெயிட்டு மேடம்."

மேனகா புருவத்தைச் சுருக்கினார். "நல்ல வாட்டசாட்டமான ஆள். தொண்ணூறு இருக்கும். எதுக்குக் கேக்கறீங்க?"

"நான் அம்பத்தெட்டு. அது அவரு ஸ்பிரிங்கு மேடம், எனக்கானது இல்ல. நான் தனியா ஓட்டிப் பாத்து, நான்தான் எடுப்பேன். அதுக்கு ஒத்துக்கிட்டா வர்றேன்."

டோனியின் பல் மறைந்தது. மேனகா எஸ்டீமின் சக்கரத்துப் பக்கம் குனிந்து, உள்ளே தெரிந்த நீலத்தைப் பார்த்தார். நிமிர்ந்து, நெற்றியில் கிரீஸ் சிலுவையோடு நின்றவளைப் பார்த்தார்.

"போன சீசன் பூரா எங்க டீம்ல ஓட்டின பொண்ணு, வண்டி துள்ளுது துள்ளுதுன்னு அழுதா. பயப்படாதடின்னு நான்தான் திட்டினேன்" என்றார் மெதுவாக. "ஒல்லிப் பொண்ணு. ரேஸே வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டா."

பிறகு போனை எடுத்தார். "புதன்கிழமை டிராக்க ஒதுக்கச் சொல்றேன். வந்து உங்க ஸ்பிரிங்க நீங்களே எடுங்க. தம்பியையும் கூட்டிட்டு வாங்க."

"வரட்டும் மேடம்" என்றாள் வெரோனிகா. "ஆனா அவன் வண்டில ஏறக் கூடாது."